ஹெல்பாய் இரண்டாம் பாகத்தை வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி

டிவியைப் போடுவதற்கு முன் முதல் பாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க "இது யாரு, அது எதுக்கு" என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். 2004-இல் வந்த படத்திலிருந்து இவ்வளவு தெரிந்தால் போதும். 1944-இல் நாஜிக்கள் நடத்திய ஒரு மந்திரச் சடங்கின் வழியாகச் சிவப்பு நிறத்தில் ஒரு பூதக் குட்டி இந்த உலகத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு புரொபசர் அதை மகனாக வளர்க்கிறார். அவன்தான் ஹெல்பாய். வலது கை கல். கொம்பை அவனே ராவி மொட்டையாக்கி வைத்திருக்கிறான். வேலை, பேய் பூதங்களைச் சமாளிக்கும் ரகசிய அரசாங்க அலுவலகத்தில். கூட வேலை செய்யும் லிஸ் என்ற பெண்ணின் உடம்பில் தீ எரியும், அவள்மேல் இவனுக்குக் காதல். ஏப் என்பவன் மீன் மனிதன். புரொபசர் முதல் பாகத்திலேயே இறந்துவிடுகிறார், இதில் ஆரம்பத்தில் வருவது பழைய நாள் காட்சி. இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டில் படம் என்றால் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை ராத்திரிதான். இந்தப் படத்துக்கு ராத்திரியே சரி. முக்கால்வாசி இருட்டில் நடப்பதால் பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிவியில் விவிட் மோடு இருந்தால் சினிமா மோடுக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எல்லாம் சீரியல் மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டை முதலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பல்லில் ஆரம்பித்து எலும்பு வரை தின்னும் குட்டிப் பிராணிகள் கூட்டமாக வருகிற இடத்தில் அரிசிம்பருப்பு சாதத் தட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளை அதற்குள் தூங்க வைத்துவிடுங்கள். அமெரிக்காவிலேயே பதின்மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் யோசிக்கச் சொல்லும் சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.

முதல் சில நிமிடங்களில் யாரும் எழுந்து போகக் கூடாது. 1955 கிறிஸ்துமஸ் ராத்திரியில் புரொபசர் பையனுக்குக் கதை சொல்கிறார், அது மரப்பொம்மைகள் ஆடுவதுபோல் திரையில் விரிகிறது. மனிதர்களுக்கும் காட்டு ஜீவன்களுக்கும் சண்டை. காட்டு ஜீவன்களின் ராஜா பாலோருக்காக எழுபது எழுபது, அதாவது 4,900 தங்க வீரர்கள் செய்யப்படுகிறார்கள். நடந்த அழிவைப் பார்த்து மனம் நொந்த ராஜா சமாதானம் பேசி, படையை ஆட்டுவிக்கும் கிரீடத்தை மூன்று துண்டாக்கி, ஒன்றை மனிதர்களிடம் கொடுக்கிறார். அது பிடிக்காமல் இளவரசன் நுவாடா நாட்டை விட்டே போகிறான். மொத்தப் படமும் இதன்மேல்தான் நிற்கிறது. என் மாமியார் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவதை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர். படம் ஆங்கிலத்தில் ஓட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாயிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த இடத்தில் எங்களைவிட அவருக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டது. நுவாடாவும் தங்கை நுவாலாவும் இரட்டைப் பிள்ளைகள், ஒருவருக்கு வெட்டுப்பட்டால் இன்னொருவருக்கும் ரத்தம் வரும். இதைக் காட்டுகிற காட்சியையும் கவனித்துக்கொள்ளுங்கள். முடிவு அதில் இருக்கிறது.

புரூக்ளின் பாலத்துக்கு அடியில் ஒரு பூதச் சந்தை வரும். அங்கே ஹீரோவைப் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால் நடப்பவர்களைப் பாருங்கள், முடிந்தால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இயக்குநர் கியர்மோ டெல் டோரோ நிறையப் பிராணிகளைக் கம்ப்யூட்டரிடம் விடாமல், ஆளுக்கு வேஷம் கட்டியே செய்திருக்கிறார். மேக்கப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருதுதான் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு போட்டி வைக்கலாம். ஏப், ராஜ சபையில் வரும் அரண்மனைக்காரர், இறக்கையெல்லாம் கண்ணாக வரும் மரண தேவதை, மூன்றும் டக் ஜோன்ஸ் என்ற ஒரே ஆள். இதை முதலில் சொல்லாமல் படம் முடிந்தபின் சொல்லுங்கள். ஜோகன் கிராஸ் என்று புதிதாக ஒருவர் வருகிறார், அவருக்கு உடம்பே கிடையாது, வெறும் ஆவி. உடுப்புதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. இவருக்கு எந்த அளவெடுத்து வெட்டினார்கள் என்று நான் கேட்டதற்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் படத்தில் இடைவேளை கிடையாது, நாம்தான் விட வேண்டும். பாதியைத் தாண்டி ஒரு வன தெய்வம் வரும். விதை மாதிரி துள்ளி ஓடி, தண்ணீர் பட்டதும் தெருவை அடைத்து வளர்ந்து நிற்கும். ஹெல்பாய் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு சுடத் தயாராக, "இந்த இனத்தில் இதுதான் கடைசி" என்கிறான் நுவாடா. சுட்டபின் அதன் ரத்தம் விழுந்த இடமெல்லாம் பச்சையாக முளைத்துப் பூக்கிறது. காப்பாற்றப்பட்ட ஜனங்களோ ஹெல்பாயைத்தான் விரட்டுகிறார்கள். அங்கே நிறுத்தி, டீ போட்டுக்கொண்டு, யார் பக்கம் நியாயம் என்று பேசுங்கள். கதாநாயகன் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று குழந்தைகளை வற்புறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டில் இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. மாமியார் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யலோரம். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் கலந்து வயலுக்கு என்ன செய்யும் என்று பார்த்தவர். "அந்தப் பையன் சொல்றது நாயந்தானுங்களே மாப்பிள்ளை" என்றார். காட்டை அழித்துக் கடையும் கட்டடமுமாக்கிவிட்டீர்கள் என்பதுதானே நுவாடாவின் வழக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது துணி வராமல் என் கட்டிங் டேபிள் காலியாகக் கிடந்தது. அதனால் எனக்கு உடனே தலையாட்ட வரவில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பதிலும் வரவில்லை. என் தீர்ப்பு, வில்லன் பக்கம் இவ்வளவு நியாயத்தை வைத்ததால்தான் இந்தப் பாகம் முதல் பாகத்தைவிட ஒரு படி மேல்.

இரண்டாம் பாதியில் ஹெல்பாயும் ஏப்பும் குடித்துவிட்டுப் பாடுவார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தாலும் ஓட்டிவிடாதீர்கள், இரண்டு பேரும் காதலில் மாட்டிக்கொண்டு விழிப்பது அதில்தான் நன்றாகத் தெரியும். கடைசிச் சண்டையில் தங்க வீரர்கள் உடைந்து உடைந்து மறுபடி எழுவது பார்க்க அழகு, கொஞ்சம் நீளம். லிஸ் மரண தேவதையிடம் சொல்லும் பதிலை மட்டும் பக்கத்திலிருப்பவர் பேசிக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் பிடித்துப்போய் உடனே மூன்றாம் பாகம் தேடுவார்கள். டெல் டோரோ அதை எடுக்கவே இல்லை. 2019-இல் அதே பெயரில் வந்தது வேறு நடிகரை வைத்துப் புதிதாக ஆரம்பித்த படம், 2024-இல் வந்ததும் வேறு கதை. அவற்றைப் பார்ப்பதானால் இன்னொரு சனிக்கிழமை, தனியாக.