பண்ணைக் கணக்குக்கு சாஃப்ட்வேர்: தேர்ந்தெடுப்பதும் நம் வசதிக்கு மாற்றுவதும்

கணக்கு சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் கடையையும் அலுவலகத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. கடையில் வாங்கிய சரக்கு சில நாளில் விற்றுப் பணமாகிவிடும். பண்ணையில் விதைப்பில் போட்ட பணம் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். ஒரே டீசல் பில் மூன்று பயிருக்குப் பிரியும். விளைந்ததில் ஒரு பங்கு சந்தைக்கே போகாமல் மாட்டுக்குத் தீவனமாகும். சாஃப்ட்வேரை வந்தபடியே ஓட்டினால் வருடக் கடைசியில் மொத்த லாபம் மட்டும்தான் தெரியும். எந்தப் பயிர் கொடுத்தது, எது கையைக் கடித்தது என்பது தெரியாது. அது தெரியும்படி எப்படி மாற்றி அமைப்பது என்று பார்ப்போம்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் உங்கள் கேள்விகளை எழுதுங்கள். போன போக மக்காச்சோளத்துக்கு மொத்தம் என்ன செலவு? ஒரு ஏக்கருக்கு எவ்வளவு? யாருக்கு எவ்வளவு பாக்கி? பால் வரவு தீவனச் செலவைத் தாண்டுகிறதா? நான்கைந்து கேள்வி போதும். இந்தத் தாளுக்குப் பதில் சொல்கிற சாஃப்ட்வேர்தான் உங்களுக்கு ஏற்றது. மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் அவை கூடுதல்தான்.

படி 2: தேர்ந்தெடுங்கள்

ஒன்றிரண்டு பயிர், கடன் எதுவும் இல்லை என்றால் எக்செல் அல்லது லிபர் ஆஃபிஸ் கால்க் போதும். தேதி, விவரம், தலைப்பு, பயிர், அளவு, தொகை என்று ஆறு பத்தி போட்டு, பிவட் டேபிளில் பயிர்வாரியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

கடன், பாக்கி, இயந்திரம், கால்நடை என்று விரிந்தால் இரட்டைப் பதிவு முறையில், அதாவது ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதும் முறையில், இயங்கும் சாஃப்ட்வேர் வேண்டும். க்னூகேஷ் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டேலியில் காஸ்ட் சென்டர், குவிக்புக்ஸில் கிளாஸ் என்று பயிரைத் தனியாகக் குறிக்கவே ஒரு வசதி உண்டு. டேலியில் எஃப்11 விசையை அழுத்தினால் வரும் பக்கத்தில் அதை இயக்கிவிட வேண்டும். குவிக்புக்ஸ் ஆன்லைனின் கீழ்நிலைத் திட்டங்களில் கிளாஸ் கிடையாது. பணம் கட்டும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்றையும் சோதியுங்கள்: உங்கள் பதிவுகள் முழுவதையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றிலும் திறக்கும் எளிய கோப்பு) வெளியே எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் அந்த சாஃப்ட்வேரை நான் தொடவே மாட்டேன். பத்து வருடக் கணக்கு ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

படி 3: தலைப்புகளையும் பயிர்களையும் கலக்காதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நான் தொடங்கியபோது ‘மக்காச்சோள உரம்’, ‘தக்காளி உரம்’, ‘மக்காச்சோளக் கூலி’, ‘தக்காளிக் கூலி’ என்று தலைப்பு போட்டேன். ஐந்து வகைச் செலவு, நான்கு பயிர் என்றாலே இருபது தலைப்பு. அடுத்த போகத்தில் பயிர் மாறியதும் பட்டியல் இன்னும் நீண்டது. எதை எங்கே எழுதுவது என்று தேடுவதிலேயே பொழுது போய், பில்கள் குவிந்துவிட்டன.

பணம் எதற்குப் போனது என்பது ஒரு பட்டியல்: விதை, உரம், பூச்சிமருந்து, கூலி, டீசல், பழுதுபார்ப்பு, தீவனம், மருத்துவம், வட்டி. யாருக்காகப் போனது என்பது இன்னொரு பட்டியல்: மக்காச்சோளம், தக்காளி, மாடு, பொது. முதல் பட்டியல்தான் கணக்குத் தலைப்பு. இரண்டாவது வெறும் அடையாளம்.

டேலியிலும் குவிக்புக்ஸிலும் அந்த அடையாளத்துக்கு இடம் இருக்கிறது என்று பார்த்தோம். க்னூகேஷில் தனி இடம் இல்லை, ஆனால் வழி உண்டு. ஒவ்வொரு பதிவின் மெமோ (குறிப்பு) பகுதியிலும் #மக்காச்சோளம்25 என்பதுபோல எழுதிவிடுங்கள். அப்புறம் டிரான்சாக்‌ஷன் ரிப்போர்ட்டின் ஆப்ஷன்ஸில், ஃபில்டர் பெட்டியில் அதே சொல்லைக் கொடுத்தால் அந்தப் பயிரின் வரவு செலவு மட்டும் வரும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த வரி விடுபட்டுப்போகும் என்பதால், அடையாளச் சொற்களை ஒரு அட்டையில் எழுதி மேசையில் வைத்துக்கொள்வது நல்லது.

சொல்லின் கடைசியில் உள்ள 25 விதைத்த வருடம். போகத்தின் பாதியில் நிதியாண்டு முடிந்தாலும் பயிர் முடியாது அல்லவா? அறிக்கையின் தேதிகளை விரித்துப் போட்டு இந்தச் சொல்லால் வடிகட்டினால் போகம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும்.

டீசல் பில் இரண்டு பயிருக்குப் பிரிகிறது என்றால் ‘ஸ்பிளிட்’ பொத்தானை அழுத்தி, டீசல் தலைப்பிலேயே இரண்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியின் மெமோவிலும் அதனதன் பயிர். பிரிக்கும் விகிதத்துக்கு டிராக்டர் ஓடிய மணி நேரம் நல்ல அளவுகோல். அது தெரியாவிட்டால் ஏக்கர்.

படி 4: விற்பனை பில்லை முழுதாக எழுதுங்கள்

உதாரணத்துக்கு ஒரு பில்: விளைச்சலின் மதிப்பு 50,000. தரகு 2,500, ஏற்றுகூலி 1,200 கழித்து வங்கிக்கு வந்தது 46,300. பலர் 46,300-ஐ மட்டும் வரவு வைத்து முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் தரகு கண்ணில் படாமலே கரையும். அடுத்த முறை வேறு இடத்தில் விற்றால் மிச்சமாகுமா என்று ஒப்பிட முடியாது.

நான்கு வரியாக எழுதுங்கள். விற்பனை வருமானம் 50,000, தரகுச் செலவு 2,500, ஏற்றுகூலிச் செலவு 1,200, வங்கி 46,300. கூட்டல் இடித்தால் க்னூகேஷ் மீதித் தொகையை ‘இம்பேலன்ஸ்’ என்ற தலைப்பில் தள்ளிவிடும். வாரம் ஒருமுறை அந்தத் தலைப்பைத் திறந்து பூஜ்யமா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கோ ஒரு எண் தவறியிருக்கிறது. விவரத்தில் எடையையும் எழுதிவையுங்கள். கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று நிச்சயம் தேடுவீர்கள்.

படி 5: செலவு போலத் தெரிந்தாலும் செலவு அல்லாதவை

கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. அசல் பகுதி கடன் தலைப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். டிராக்டர் வாங்கிய பணம் சொத்து; வருடாவருடம் அதன் தேய்மானம், அதாவது அதன் மதிப்பில் குறையும் பங்கு, செலவாகும். க்னூகேஷ் தேய்மானத்தைத் தானாகக் கணக்கிடாது, நீங்கள்தான் எழுத வேண்டும். வீட்டுக்கு எடுத்த பணத்துக்கு மூலதனக் கணக்கின் (ஈக்விட்டி) கீழ் ‘சொந்த எடுப்பு’ என்று தனித் தலைப்பு வையுங்கள். சொந்த விளைச்சலை மாட்டுக்குப் போட்டால், விற்றிருந்தால் வந்திருக்கும் தொகையைத் தீவனச் செலவாக மாட்டின் பெயரிலும், அதே தொகையை உள்வரவாகப் பயிரின் பெயரிலும் எழுதுங்கள். மொத்த லாபம் மாறாது. ஆனால் பாலில் உண்மையில் என்ன நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வரிக்காகக் கணக்குக் கொடுக்கும்போது இந்த விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். தலைப்புகளை இறுதி செய்யும் முன் உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படி 6: ஒரே பயிரில் ஓட்டிப் பாருங்கள்

முழுப் பண்ணையையும் முதல் நாளே ஏற்ற வேண்டாம். முடிந்துபோன ஒரு போகத்தின் பில்களை மட்டும் எடுத்து உட்காருங்கள். எழுதி முடித்ததும் படி 1-இல் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் வராத கேள்விக்கு எந்தத் தலைப்பு அல்லது அடையாளம் குறைகிறது என்று பார்த்து அங்கேயே திருத்துங்கள். இருபது முப்பது பதிவு இருக்கும்போது திருத்துவது சுலபம்.

சரியாக வந்ததும் ஒரு தேதியைக் குறித்து, அன்றைய கையிருப்பு, வங்கி இருப்பு, கடன் பாக்கி, கிடங்கில் உள்ள உரமும் தானியமும் எல்லாவற்றையும் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். கோப்பை வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகலெடுத்து, கம்ப்யூட்டர் இல்லாத வேறு அறையில் வையுங்கள்.