அப்புத்தளையில் நாலு நாள்: மலையில் பங்களா எடுத்துத் தங்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் திருவிழா, கலியாணம், காணி அலுவல் என்று மூன்று கிழமையும் யாழ்ப்பாணத்திலேயே ஓடிவிடும். அதில் நாலு நாளை மலையகத்துக்கு எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு நடக்கக் காடும் மலையும் கிடைக்கும். வழியில் காண்பவர்களோடு தமிழிலேயே பேசலாம்.

எங்கே தங்குவது என்பதை மாதம்தான் தீர்மானிக்கவேண்டும். நம்மில் பெரும்பாலோர் போவது யூலை, ஓகஸ்டில். அப்போது தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் கொட்டும். மலைமுகட்டைத் தாண்டி அப்புத்தளை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு இறங்கும்போது அது வெறும் காய்ந்த காற்று. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் வெயில் எறிக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். ஒக்டோபரிலிருந்து சனவரி வரை ஊவாவில் மழையும் மண்சரிவுப் பயமும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியது இந்தப் பருவத்தில்தான். நத்தார் விடுமுறையில்தான் போகமுடியும் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2025 நவம்பர்ப் புயலில் மலைநாட்டு ரயில்பாதை பலத்த சேதமடைந்தது. ரயிலை நம்பித் திட்டம் போடுமுன் எதுவரை ஓடுகிறது என்று விசாரியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் ஒரே மூச்சில் ஓடவேண்டாம், கண்டியில் ஓரிரவு தங்குங்கள்.

பங்களாக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது, “வான் வாசல்வரை வருமா?” நாங்கள் முதல்முறை அதைக் கேட்கவில்லை. கடைசி இரண்டு கிலோமீற்றர் கல்லுத் தோட்டத்து ரோட்டு. இருட்டில் வான் ஏற மறுக்க, அம்மாவையும் பெட்டிகளையும் ஓட்டோவில் மூன்று நடையாக ஏற்றினோம். அடுத்தது சுடுதண்ணீர். எல்லா அறைக்கும் வருமா, மின்சாரம் நின்றாலும் வருமா என்று தெளிவாகக் கேளுங்கள். அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல் இருக்கும் ஊர். இரவில் நன்றாகக் குளிரும், வீட்டைச் சூடாக்க வசதி இராது. கம்பளிச் சட்டையும் காலுறையும் ஆளுக்கொன்று வேண்டும். சாப்பாடு பங்களாவிலேயே சமைப்பார்கள். இரவுக்கு என்ன வேண்டுமென்று காலையிலேயே சொல்லிவிட்டால்தான் அவர்கள் ரவுணில் மரக்கறி வாங்கமுடியும்.

ஒரேயொரு நடைக்குத்தான் நேரம் என்றால் லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடம். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏழு கிலோமீற்றர். விடியமுன் ஓட்டோவில் ஏறிப் போய், நடந்து இறங்குங்கள். வெயில் ஏறினால் மேலே பனிப்புகார் மூடிவிடும். இறங்கும் வழியில் லயம், கோயில், பள்ளிக்கூடம், கொழுந்து நிறுக்கும் இடம் என்று ஒரு முழு வாழ்க்கை கண்முன்னே விரியும். நடையில் பழகியவர்கள் பீக்கோ ட்ரெயிலின் ஒரு கட்டத்தை எடுக்கலாம். கண்டியில் தொடங்கும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை அது, 22 கட்டம், அப்புத்தளையையும் தொட்டுப் போகிறது. தண்டவாளத்தில் மட்டும் நடக்கவேண்டாம்.

மழைக்குப் பிறகு அட்டை ஏறும். காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் குறையும். கடித்ததைப் பிடுங்காமல் கொஞ்சம் உப்புப் போடுங்கள், தானே விழும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்படத் தேவையில்லை. பயப்படவேண்டியது குளவிக்கு. தோட்டத்தில் குளவிக் கொட்டால் உயிர் போனவர்கள் உண்டு. “அந்தப் பக்கம் போகாதீங்க, கூடு இருக்கு” என்று ஒரு தொழிலாளி சொன்னால் திரும்பிவிடுங்கள். பொழுதுபட்ட பிறகு தேயிலைக்குள் நடக்காதீர்கள், சிறுத்தை உலாவும் இடம்.

லிப்டன் சீட்டிலிருந்து இறங்கும்போது ஓர் அக்கா கொழுந்து பறித்தபடியே கேட்டார்: “எந்த ஊருங்க? தமிழ் பேசுறீங்களே!” நின்று கதைத்தோம். விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. ஆனாலும் கதை முடியும்வரை அந்த விரல்கள் ஓயவில்லை. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்றார். 2024இல் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். ஒரு பங்களா இரவுக்கு நாம் கொடுப்பதோடு அதை நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கும். படம் எடுக்க அவர்களை நிற்கவைத்தால் அவர்களுடைய கிலோதான் குறையும். கேட்டு, சம்மதித்தால் மட்டும் எடுங்கள். லயத்து வாசலில் கமெராவை நீட்டவேண்டாம், அது ஒருவருடைய வீடு.

வழிகாட்டி தேவையென்றால் அந்தத் தோட்டத்துப் பிள்ளையையே கூப்பிடுங்கள். சமைத்தவருக்கும் காவல்காரருக்கும் தனித்தனியாக, கையிலேயே காசு கொடுங்கள். பில்லோடு சேர்த்தால் அவர்களிடம் போய்ச் சேருமென்று நிச்சயமில்லை. காசை 500, 1000 ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்திருங்கள். 5000 ரூபாய்த் தாளுக்குத் தோட்டத்துக் கடையில் மிச்சக்காசு இராது.