தாடை வீங்கிய இலவச ஆடுகள்: என் அனுபவம்

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் வந்த நான்கில் இரண்டுக்குத் தாடைக்கு அடியில் தொளதொளவென்று வீக்கம். கழிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தொண்டை அடைப்பான் (தொண்டை வீங்கும் தொற்றுநோய்) என்று போட்ட ஊசி வீண். அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்துக்கும் கேட்கவில்லை.

துப்பு இதுதான்: மேய்ந்து திரும்பும் மாலையில் வீக்கம் பெருகும், விடிந்தால் வடிந்துவிடும். குனிந்தே மேய்வதால் நீர் தாடைக்கு இறங்குகிறது. கீழ் இமையைப் பிதுக்கினால் சிவப்பே இல்லை; ரத்தசோகை. காரணம், நான்காம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. புழுக்கைப் பரிசோதனையில் முட்டை ஏராளம்.

மருத்துவர் லெவாமிசோல் என்ற வேறு புழு மருந்துக்கு மாற்றினார். தொங்கு தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தே அளவு சொன்னார். கண்மதிப்பில் மிஞ்சினால் நஞ்சாகிவிடும். கூடவே தினமும் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு, பனி காய்ந்த பிறகே மேய்ச்சல். 14 நாள் கழித்து மறுபரிசோதனை: முட்டை இல்லை. அப்பாடா!