வேலைவாய்ப்பு முகாமில் நம்மை நினைவில் நிற்கவிடாத தவறுகள்

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த ஒரு வேலைவாய்ப்பு முகாமில், எங்கள் நிறுவனத்தின் மேசைக்குப் பின்னால் காலை ஒன்பதரை மணி முதல் மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். முகாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது 200-க்கும் மேற்பட்ட ரெஸ்யூமேக்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் 17 தாள்களின் மேல் மூலையில் மட்டும் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ‘அம்பத்தூர் லேத் பட்டறை, எண்ணிக்கைப் பிரச்சினை’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘தெரு கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் ஆப்’ என்று இருந்தது. அடுத்த வாரம் நாங்கள் தொலைபேசியில் அழைத்தது அந்த 17 பேரைத்தான். மற்றவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர்களைப் பற்றி எழுதிவைக்க எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முகாமில் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம், கூட்டம் குறைவாக இருந்தால் ஐந்து நிமிடம். அதற்குள் யாரும் யாரையும் முழுமையாக எடைபோட்டுவிட முடியாது. ஆகவே, தாளின் மூலையில் எழுதத் தக்க ஒரு செய்தியை எதிரில் இருப்பவரிடம் விட்டுவிட்டு வருவதே அங்கே நாம் செய்ய வேண்டிய வேலை. நான் ஆண்டுதோறும் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்த ஒரு வரி பிறக்க இடம்கொடுக்காத தவறுகள்தான்.

எந்த நிறுவனங்கள் வருகின்றன என்று பார்க்காமல் வருவது இவற்றில் முதன்மையானது. ‘உங்கள் கம்பெனி என்ன செய்கிறது சார்?’ என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்குபவருக்கு, அவருடைய மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் எங்கள் பதிலிலேயே கரைந்துவிடுகிறது. சென்னையில் இது கூடுதல் இழப்பு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனமும், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனமும், வெளிநாட்டு வங்கி ஒன்றின் சென்னை அலுவலகமும் இங்கே ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்திருக்கும். மென்பொருளிலேயே, பல வாடிக்கையாளர்களின் புராஜெக்ட்டுகளுக்காக வேலை செய்யும் சர்வீஸ் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவரின் அன்றாடம் ஒரு மாதிரி இருக்கும். சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ப்ராடக்ட் நிறுவனத்தில் அது வேறு மாதிரி இருக்கும். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் பெயர் மாறிய சோஹோவும், 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இந்த வேறுபாடு தெரியாமல் ‘எந்த புராஜெக்ட்டில் போடுவீர்கள்?’ என்று ஒரு ப்ராடக்ட் நிறுவனத்திடம் கேட்டால், தயாரிப்பு இல்லாமல் வந்திருக்கிறார் என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும்.

தயாரிப்பு என்றால் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வரும் நிறுவனங்களின் பட்டியலைக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகமோ முகாமை நடத்துபவர்களோ பெரும்பாலும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அதில் ஐந்தாறு நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனமாக இருந்தால், அதன் ஆண்டறிக்கை பிஎஸ்இ, என்எஸ்இ பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கும். எதை விற்கிறார்கள், எங்கே புதிதாக ஆலை கட்டுகிறார்கள், எதைக் கண்டு கவலைப்படுகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொற்களிலேயே அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, ‘மின்சார வாகன பாகங்களுக்குத் தனிப் பிரிவு தொடங்குவதாக அறிக்கையில் படித்தேன், அங்கே புதியவர்களை எடுக்கிறீர்களா, அனுபவசாலிகளை மட்டும்தானா?’ என்று ஒருவர் கேட்டால், அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்தது மனப்பாடம். பெயர், ஊர், கல்லூரி, அப்பாவின் தொழில், பொழுதுபோக்கு, ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவன்’ என்று ஒரே வரிசையில், ஒரே மூச்சில் ஒப்பிக்கப்படும் சுய அறிமுகத்தை ஒரு நாளில் நூறு முறை கேட்டிருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி வகுப்புகளில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் நூறு பேர் ஒரே அறிமுகத்தைச் சொல்லும்போது அது யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை.

நான் முன்பு குறிப்பிட்ட லேத் பட்டறை மாணவர் அறிமுகத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அவருடைய அப்பா அம்பத்தூரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அனுப்பிய உருப்படிகளின் எண்ணிக்கையும் வாங்கியவர் சொல்லும் எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் மாதாமாதம் தகராறு. இவர் ஒரு அகச்சிவப்பு சென்சாரையும் ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையையும் வைத்து எண்ணும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார். முதலில் அது தப்புத் தப்பாக எண்ணியது. லேத்தில் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் திரவம் தெறித்து சென்சாரின் கண்ணில் படிந்ததே காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பிறகு சென்சாரைத் தெறிப்பு படாத பக்கமாக நகர்த்தி, ஒரு தகர மூடியும் போட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அந்த மூடியின் வளைவைக் கையாலேயே காட்டினார். ‘நடுவில் கரண்ட் போனால் எண்ணிக்கை என்ன ஆகும்?’ என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, ‘அதை நான் சோதித்துப் பார்த்ததில்லை சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றார். நான் பென்சிலை எடுத்தது அப்போதுதான். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவர்கள் நாள் முழுவதும் சேர்த்து மூன்று நான்கு பேரே வருவார்கள்.

மனப்பாட அறிமுகத்தின் நிலைதான் சான்றிதழ்களின் நீண்ட பட்டியலுக்கும். 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் போன்றவற்றால் நல்ல பயிற்சிகள் இன்று கல்லூரிக்குள்ளேயே வந்துவிட்டன. முடித்த பாடங்களை ரெஸ்யூமேயில் வரிசையாக அடுக்குவதோடு நின்றுவிடாமல், அவற்றில் ஒன்றைக் கொண்டு என்ன செய்து பார்த்தோம் என்று சொல்ல ஒரு சிறு சம்பவத்தையாவது கைவசம் வைத்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சென்னை முகாம்களுக்கு வருபவர்களில் பலர், விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து மாறி வருகிறார்கள். தமிழ் வழியில் படித்து, தம் துறையை நன்றாகவே அறிந்த மாணவர், மேசைக்கு வந்ததும் தமக்குப் பழக்கமில்லாத ஆங்கிலச் சொற்களைத் தேடித் தேடித் திணறி, சொல்ல வந்ததையே விட்டுவிட்டுப் போவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். எதிரில் இருப்பவர் தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. அவர் ஆங்கிலத்தில் கேட்டால், சின்னச் சின்ன வாக்கியங்களாக, தெரிந்த சொற்களில், நிதானமாகச் சொன்னால் போதும். தடுமாறினால், ‘இதைத் தமிழில் விளக்கட்டுமா?’ என்று கேட்டுவிடலாம். நான் அறிந்தவரை பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள். அதற்காக, வேலைக்கு ஆங்கிலமே தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நாள்தோறும் பேச வேண்டிய பணிக்கு அது கட்டாயம் தேவை. அதை அந்தப் பணிக்கான நேர்காணலில் சோதிப்பார்கள். முகாமில் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் மொழியைக் காட்ட முயன்று விஷயத்தை இழந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

அரியரை மறைப்பதும் பெரிய தவறு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும், ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் தேர்ச்சி பெறாத பாடம், இருக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கேட்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால், அப்போதைக்கு வரிசை நகர்ந்துவிடும். ஆனால் வேலை உறுதியாகும் கட்டத்தில் மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்ப்பார்கள். அங்கே பொய் வெளிப்பட்டால் வேலையும் போகும், அந்த நிறுவனத்தின் கதவும் நெடுங்காலத்துக்கு மூடிவிடும். ‘மூன்றாம் பருவத்தில் இரண்டு அரியர் இருந்தன, அடுத்த பருவத்திலேயே முடித்துவிட்டேன்’ என்று நேராகச் சொல்பவரை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை. இன்னும் முடிக்காத அரியர் இருந்தால், எந்தத் தேர்வில் எழுதப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

ரெஸ்யூமே விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. புதியவருக்கு ஒரு பக்கம் போதும். கோப்பைத் தம் பெயரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து வைக்க வேண்டும். பள்ளி நாட்களில் விளையாட்டாக உருவாக்கிய மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாகப் பெயர் உள்ள முகவரி ஒன்று வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வர வேண்டும். உடையும் அப்படித்தான். மே மாத வெயிலில் இரவல் கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்து நிற்பதைவிட, தேய்த்த பருத்திச் சட்டையும் கைக்குட்டையும் எவ்வளவோ மேல். ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாலும், நந்தம்பாக்கம் போய்ச் சேர நாம் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்ப வேண்டும்.

நண்பர்களோடு சேர்ந்து வருவதில் தவறில்லை. சேர்ந்தே மேசைக்கு வருவதுதான் தவறு. ஐந்து பேர் அரைவட்டமாக நின்றால், அவர்களில் துணிச்சலான ஒருவர் பேசுவார், மற்ற நால்வர் தலையசைப்பார்கள். அந்த நால்வரின் பெயர் எனக்கு நினைவிருக்க வாய்ப்பே இல்லை. பெற்றோருக்கும் இதை அன்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. மகளுக்குத் துணையாக வந்த தந்தை, மகளிடம் கேட்ட கேள்விக்குத் தாமே பதில் சொல்லும்போது, அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் குரலை நான் கேட்காமலே போய்விடுகிறேன். அவர் கேன்டீனில் காத்திருப்பதே மகளுக்குச் செய்யும் பேருதவி.

தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மாலை வேளைகளில் நடக்கும் தொழில்நுட்பச் சந்திப்புகளிலும், கல்லூரிகளின் முன்னாள் மாணவர் கூட்டங்களிலும் வேறொரு தவறு நடக்கிறது. அரங்கில் பெரிய பதவியில் இருப்பவர் யார் என்று கண்டுபிடித்து, எல்லோரும் அவரையே சூழ்ந்துகொள்கிறார்கள். அவருக்கு அன்று ஐம்பது முகங்கள். ஒன்றும் மனத்தில் நிற்காது. சற்றுத் தள்ளித் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும், மூன்று ஆண்டு அனுபவமுள்ள பொறியாளருக்குத்தான் தம் குழுவில் எந்த இடம் காலியாக இருக்கிறது, நேர்காணலில் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். அவரிடமும் போன வேகத்தில் ‘எனக்கு ரெஃபரல் கொடுங்கள் அண்ணா’ என்று கேட்டுவிடக் கூடாது. ஒருவரைப் பரிந்துரைப்பதென்றால் தம் பெயரையும் உடன் வைப்பதாகும். ஐந்து நிமிடப் பழக்கத்தில் அதைக் கேட்பது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். அவர் செய்யும் வேலையைப் பற்றி உண்மையான ஆர்வத்தோடு கேட்டு, எதைக் கற்றுக்கொண்டால் அந்த வேலைக்குத் தகுதி வரும் என்று தெரிந்துகொண்டு வந்தால், இரண்டு மாதம் கழித்து ரெஃபரல் கேட்கும் உரிமை தானாகவே பிறக்கும்.

பணிவு வேறு, கெஞ்சல் வேறு. ‘எப்படியாவது ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் சார், எந்த வேலையானாலும் பரவாயில்லை’ என்பவரின் குடும்பக் கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த வேலையானாலும் சரி என்று சொன்னால், அவரை எந்த வேலைக்கு அழைப்பது என்பது எங்களுக்குத் தெரியாமல் போகிறது. ‘சார்’, ‘மேடம்’ என்று அழைப்பது சரிதான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவர்களே சொன்னால், தயங்காமல் அப்படியே கூப்பிடலாம்.

பணம் சம்பந்தமான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்தும் முகாம்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. முகாமில் நம் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு ‘பதிவுக் கட்டணம்’, ‘லேப்டாப் டெபாசிட்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்கவே கூடாது. கொடுத்து ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு காலம் தாழ்த்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

முகாம் முடிந்த பிறகு நடக்கும் தவறுகள் இரண்டு வகை. ஒரு சாரார் எதுவும் எழுதுவதில்லை. மறு சாரார் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வணக்கம் சொல்லி, மறுநாளிலிருந்து தினமும் ‘ஏதாவது தகவல் உண்டா சார்?’ என்று கேட்கிறார்கள். ஓரிரு நாளுக்குள் ஒரே ஒரு மின்னஞ்சலோ லிங்க்ட்இன் செய்தியோ அனுப்பி, எங்கே சந்தித்தோம், எதைப் பற்றிப் பேசினோம் என்பதை நினைவூட்டினால் போதும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை கேட்கலாம்.

அம்பத்தூர் மாணவரின் மின்னஞ்சல் மறுநாள் மாலையே வந்தது. மொத்தம் ஆறு வரிகள். கரண்ட் போனால் எண்ணிக்கை அழிந்துவிடுகிறது என்பதைச் சோதித்துப் பார்த்ததாகவும், இப்போது அதைப் பலகையிலேயே இருக்கும், கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதிவைப்பதாகவும், அங்கே ஓர் இடத்தில் சுமார் 1,00,000 முறைதான் எழுத முடியும் என்பதால் பத்து உருப்படிக்கு ஒரு முறை எழுதும்படி மாற்றியிருப்பதாகவும் தெரிவித்திருந்தார். கடைசி வரியில், கரண்ட் போகும்போது அதிகபட்சம் ஒன்பது உருப்படிகள் கணக்கில் விடுபடலாம் என்றும், அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்.