34-ஆவது இலக்கம்: மெய்நிகர் ஐஓஎம்எம்யூ தடுக்காமல் விட்ட கதை

கியூஇஎம்யூ என்ற மெய்நிகராக்க மென்பொருளில் இயங்கும் லினக்ஸ் மெய்நிகர் கணினியில், விர்ட்டியோ (மெய்நிகர் சாதனங்களுக்கான பொது இடைமுகம்) நெட்வொர்க் டிரைவர் விடுவித்துவிட்ட பக்கத்தில் சாதனம் எழுத முயன்றால் மெய்நிகர் ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் நினைவகத்தை அணுகும் முகவரிகளை மொழிபெயர்த்து, அனுமதியில்லாதவற்றைத் தடுக்கும் பகுதி) அதைத் தடுக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை, பிழைச்செய்தி ஒன்றுகூட வராமல், வேறு பயன்பாட்டுக்குப் போய்விட்ட நினைவகத்தில் பாக்கெட் தரவு வந்து விழுந்தது.

கெர்னல் கட்டளை வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யூவை இயக்கியிருந்தேன். தொடக்கப் பதிவும் அது செயல்படுவதாகவே சொன்னது. சாதனமும் ஒரு ஐஓஎம்எம்யூ குழுவில் இருந்தது. இவற்றை நம்பியதில் மூன்று நாள்கள் வீணாயின. மொழிபெயர்ப்புத் தற்காலிகச் சேமிப்பு தாமதமாக அழிக்கப்படுகிறதோ என்று, உடனுக்குடன் அழிக்கும் ஸ்ட்ரிக்ட் முறைக்கு மாற்றியதிலும் பலனில்லை.

பிறகு, டிஸ்கிரிப்டரில் (எந்த நினைவக இடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று சாதனத்துக்குச் சொல்லும் குறிப்பு) டிரைவர் எழுதும் முகவரியை அச்சிட்டபோது, அது மெய்நிகர் கணினியின் இயற்பியல் முகவரியாகவே இருந்தது; அதாவது ஐஓஎம்எம்யூ மொழிபெயர்க்கும் முகவரியாக இல்லை. சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதன விவரங்களைக் கெர்னல் காட்டும் கோப்பமைப்பு) அச்சாதனத்தின் ஏற்கப்பட்ட அம்சங்களைக் காட்டும் ஃபீச்சர்ஸ் கோப்பு 0, 1 ஆகியவற்றாலான நீண்ட சரம். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், ஐஓஎம்எம்யூ வழியாகப் போகச் சொல்லும் 33-ஆம் பிட் அதன் 34-ஆவது இலக்கமாகும் (நான் முதலில் 33-ஆவதைப் பார்த்து ஏமாந்தேன்). அங்கே 0 இருந்தது. அந்த பிட் ஏற்கப்படாதபோது, ஐஓஎம்எம்யூ இருந்தாலும் விர்ட்டியோ டிரைவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

சாதனத்துக்கு ‘ஐஓஎம்எம்யூ பிளாட்ஃபார்ம்’, ‘டிசேபிள் லெகசி’ இரண்டையும் ஆன் செய்தேன். பழைய (லெகசி) இடைமுகத்தில் 32 அம்ச பிட்களே உண்டு என்பதால் இரண்டாவதும் தேவை. கட்டளையில் ஐஓஎம்எம்யூ சாதனத்தை மற்றவற்றுக்கு முன்னால் வைத்தேன். அடுத்த ஓட்டத்தில், இயற்பியல் முகவரிகளுக்குப் பதிலாக, ஐஓஎம்எம்யூ மொழிபெயர்க்கும் முகவரிகள் 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே தென்பட்டன. விடுவித்த பக்கத்தில் எழுத முயன்றதும் கெர்னல் பதிவில் டிஎம்ஏ (சாதனம் நேரடியாக நினைவகத்தை அணுகுதல்) பிழை வந்தது.