கடலூர், புதுச்சேரியிலிருந்து மலைக்குப் போக எந்த மாதம் நல்லது? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

நம்ம பக்கத்தில் மலை என்றாலே மே மாதம் என்று ஆகிவிட்டது. கத்திரி வெயில் தொடங்கும், பிள்ளைகளுக்கு லீவு விடுவார்கள், உடனே ஊட்டியா கொடைக்கானலா என்ற பேச்சு வீட்டில் எழும். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால், பாதி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த கதையைத்தான் சொல்வார்கள். அதே பணத்துக்கு வேறு மாதத்தில், சில சமயம் வேறு மலையில், இதைவிட நல்ல பயணம் கிடைத்திருக்கும். அந்த மாதத்தையும் மலையையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எதற்காகப் போகிறோம் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்

வெயிலுக்குத் தப்பிக்கவா, அருவி பார்க்கவா, உறைபனி பார்க்கவா, நிம்மதியாக நடந்து திரியவா? எல்லாம் ஒரே மாதத்தில் கிடைக்காது. அருவியில் தண்ணீர் கொட்டும் மாதத்தில் காட்சிமுனையில் போய் நின்றால் மேகம் மூடிக்கொண்டு எதிரில் ஒன்றும் தெரியாது. பிப்ரவரியில் தூரத்து மலையெல்லாம் தெளிவாகத் தெரியும், ஆனால் அருவி மெலிந்து போயிருக்கும். கூட வருகிறவர்களில் குளிர் ஒத்துக்கொள்ளாத பெரியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த படியில் அது உதவும்.

படி 2: மலையின் உயரத்தை வைத்துக் குளிரைக் கணக்குப் போடுங்கள்

1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். இந்த ஒரு கணக்கு போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், அதனால் கடலூரைவிடப் பத்து டிகிரி குறைவு. மே மாதம் இங்கே 38 டிகிரி அடிக்கும்போது அங்கே 28 இருக்கும். மின்விசிறி தேவைப்படாது, ஆனால் நடுப்பகல் வெயில் உறைக்கும். ஏலகிரி அதைவிடத் தாழ்வு, சுமார் 1,100 மீட்டர்தான். மே மாதம் ஏலகிரிக்குப் போய்விட்டு "அங்கேயும் வெயில்தான்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். அங்கே மே மாதத்துப் பகலே 23, 24 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும்.

குளிர்காலத்துக்கும் இதே கணக்குதான். மார்கழி, தை மாதங்களில் நம்ம கடற்கரையில் இரவு 21 டிகிரி என்றால் ஊட்டியில் 6, 7 என்று வரும். மேகமில்லாத இரவாக இருந்தால் அதற்கும் கீழே இறங்கி பூஜ்ஜியத்தைத் தொடும். ஜனவரியில் விடியற்காலை தலைகுந்தா பக்கம் போனால் புல்வெளி முழுக்க மரக்காணம் உப்பளத்து வரப்பு மாதிரி வெளுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் தனித்தனியாகப் பனித்துகள் ஒட்டியிருக்கும், விரலில் தொட்டதும் நீராகிவிடும். வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும், அதனால் பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த நமக்கு இது உண்மையிலேயே ஒருமுறை பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் மூச்சிரைப்பு உள்ளவர்களை அந்தக் குளிருக்கு அழைத்துப் போகாதீர்கள். அவர்களுக்கு அந்த மாதத்தில் ஏற்காடு போதும்.

படி 3: மலை எந்த மழைக்கு முகம் காட்டுகிறது என்று பாருங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைதான் நம்ம ஏரி, குளத்தை நிரப்புகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவமழை நமக்குச் சாயங்கால இடிமழையாக எப்போதாவது வந்து போகும், அவ்வளவுதான். அதனால் "ஆடி மாதத்தில் என்ன மழை இருக்கப் போகிறது" என்று நினைத்து ஜூலையில் வால்பாறைக்கோ மூணாறுக்கோ வண்டியை எடுத்துவிடுகிறோம். அங்கே அதுதான் உச்ச மழைக்காலம்.

காரணம் எளிது. தென்மேற்குக் காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரம் குறைந்துபோகும். வடகிழக்குக் காற்று வங்கக் கடலிலிருந்து வருவதால், அதற்குக் கிழக்குச் சரிவுதான் முன்வாசல்.

ஒரே நீலகிரி மாவட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். மேற்குப் பக்கம் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அது தென்மேற்குப் பருவமழைக் காலம். 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது பெரும் நிலச்சரிவுகள் வந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது அடிபட்டது குன்னூர், கேத்தி, கோத்தகிரி இருக்கும் கிழக்குப் பக்கம். ஆகவே "ஊட்டிக்கு எப்போது போகலாம்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் முழுசாக வராது. அங்கே போய் எந்தப் பக்கம் சுற்றப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, நாம் போகும் மலைகளைப் பிரித்துக்கொள்வோம். வால்பாறை, மூணாறு, கூடலூர், வயநாடு எல்லாம் தென்மேற்கு மழைக்கு முகம் காட்டுபவை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்த நிலச்சரிவை யாரும் மறந்திருக்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் முதல் பயணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் நகரம் ஆகியவற்றுக்கு அக்டோபர், நவம்பர்தான் கனமழை. ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, ஏலகிரி எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே பகல் பெரும்பாலும் வெறித்திருக்கும், சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு மழை பெய்யும். காலையில் சுற்றிவிட்டு நாலு மணிக்கு அறைக்குத் திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம்ம கடற்கரையில் ஏறும் புயல் இங்கேயே நின்றுவிடுவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அது உள்ளே நகர்ந்த அடுத்த ஓரிரு நாளில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது, சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. 2018 நவம்பரில் நாகை மாவட்டத்தில் நுழைந்த கஜா, கொடைக்கானல் வரை போய் மரங்களைச் சாய்த்தது. அந்தச் சமயத்தில் மலைக்குப் போனால் போன இடத்திலும் மாட்டிக்கொள்வோம், வீட்டில் தண்ணீர் புகுந்தால் பார்க்கவும் ஆள் இருக்காது. தீபாவளி லீவில் தொடங்கி கார்த்திகை முடியும் வரை தூரத்து மலைக்கு முன்பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.

படி 4: இப்போது மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. மழை ஓய்ந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், மழை பெய்து முடிந்த பச்சை இன்னும் மலையில் மிச்சமிருக்கும். குளிர் தாங்குமென்றால் ஊட்டி, கொடைக்கானல், தாங்காதென்றால் ஏற்காடு. மூணாறுக்குப் போவதானால் ஒன்று கவனியுங்கள்: வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். ஆட்டைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் வரை பொறுக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள் இவை. கோடையின் முதல் மழை ஒன்றிரண்டு விழுந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஏற்காட்டில் காப்பிச் செடி பூக்கும். கிளை நெடுக, ஒவ்வொரு கணுவிலும் வெள்ளைக் கொத்தாக அடைத்துக்கொண்டு நிற்கும். மல்லிகை வாசம் தோட்டத்தைத் தாண்டிச் சாலை வரை வரும். இரண்டு மூன்று நாளில் பூ வாடி உதிர்ந்துவிடும் என்பதால் தேதி குறித்துப் போக முடியாது. சேலம் பக்கம் மழை பெய்ததாகச் செய்தி வந்தால், தங்குமிடத்துக்கு ஒரு போன் போட்டுப் பூத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடலூரிலிருந்து விருத்தாசலம், ஆத்தூர் வழியாகவும், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகவும் சேலம் போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. திடீரென்று கிளம்பத் தோதான மலை இதுதான்.

ஆனால் இதே மாதங்கள் காட்டுத்தீக் காலமும்கூட. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றம் உங்கள் ஆசை என்றால் இந்தப் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

மே மாதம் போகத்தான் வேண்டுமென்றால் ஊட்டி மலர்க் கண்காட்சி ஒரு நல்ல காரணம். கூட்டத்துக்கு மனதைத் தயார்செய்துகொண்டு திங்கள் முதல் வியாழனுக்குள் போய் வாருங்கள். கொல்லிமலையில் அப்போது பலாப்பழம் கிடைக்கும், பண்ருட்டிக்காரர்களுக்கு அதைச் சொல்லி ஆசை காட்ட முடியாது.

அருவிதான் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து பாருங்கள். கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலை நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பெரியார் அருவி, மேகம் அருவி இரண்டையும் காலையில் போய் இரவுக்குள் திரும்பி வருகிற மாதிரி பார்க்கலாம். முன்பணம் கட்டத் தேவையில்லாததால் வானிலை சரியில்லை என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கி ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்களை மேலே கோயிலில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள். வெள்ளம் அதிகமென்றால் விடமாட்டார்கள்.

குறிஞ்சிப் பூ பார்க்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், மூணாறு பக்கத்து நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

படி 5: லீவு நாளைச் சரியாகப் பிடியுங்கள்

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நவம்பர் 1 விடுதலை நாளும் ஆகஸ்ட் 16ஆம் நாளும் புதுச்சேரியில் மட்டும் விடுமுறை, தமிழ்நாட்டில் இல்லை. நவம்பர் 1 மழையில் போய்விடும், அதை விடுங்கள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினக் கூட்டம் இறங்கும் நேரத்தில் 15ஆம் தேதி மதியத்துக்கு மேல் ஏறி, 16ஆம் தேதி ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ நிம்மதியாகச் சுற்றலாம். 16 சனி, ஞாயிறில் விழாத வருடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூர்க்காரர்கள் காலாண்டுத் தேர்வு லீவைப் பயன்படுத்தலாம். அரையாண்டு லீவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சேர்ந்து வருவதால் அறை வாடகை ஏறிவிடும்.

படி 6: கிளம்பும் முன்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். அதனால் அறை பதிவு செய்யும் முன்பே பாஸ் கிடைக்குமா என்று பாருங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை இரண்டு இடத்திலும் விடமாட்டார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலில் போக ஆசை என்றால் அதற்கும் ஜனவரிக்குப் பிறகுதான் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறு – குன்னூர் இடையே தண்டவாளத்தில் மண்ணும் பாறையும் சரிந்து நாள்கணக்கில் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள் சாயங்காலம் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். நம்ம மாவட்டத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, மலை இருக்கும் மாவட்டத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் என்றால் குடையோடு போகலாம். ஆரஞ்சு என்றால் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம், முன்பணம் போனாலும் போகட்டும். மலையிலிருந்து திரும்பும் நாளில் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடுங்கள், அப்போதுதான் மழையும் மூடுபனியும் சேரும் முன்பு கடைசி வளைவைத் தாண்ட முடியும்.