1.9 டிடிஐ டீசல் என்ஜினில் பிஸ்டன் இடைவெளியை அளந்து ஹெட் கேஸ்கெட் தேர்ந்தெடுக்கும் முறை

டீசல் என்ஜினை முழுவதுமாகப் பிரித்துக் கோர்க்கும்போது, வண்டியின் பெயரை மட்டும் கடையில் சொல்லி ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) வாங்கிவிட முடியாது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுழல் பம்ப் வகை 1.9 டிடிஐ என்ஜினுக்கு மூன்று தடிமன்களில் கேஸ்கெட் உண்டு. நம் ஊரில் முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்த என்ஜின் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கேஸ்கெட்டின் பாக எண் அருகே ஒரு துளை இருந்தால் தடிமன் 1.45 மி.மீ., இரண்டு இருந்தால் 1.53 மி.மீ., மூன்று இருந்தால் 1.61 மி.மீ. எது பொருந்தும் என்பதை பிஸ்டன் மேல் நிலையில் பிளாக்கின் மட்டத்தைத் தாண்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்ற அளவே முடிவு செய்கிறது.

பிஸ்டன், அதை கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு, பிளாக் ஆகியவற்றில் எதையும் மாற்றாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றுபவர் பழைய கேஸ்கெட்டில் எத்தனை துளைகள் இருந்தனவோ அதே எண்ணிக்கை கொண்டதை வாங்கினால் போதும். ஆகவே பழையதைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் ஓரத்தைத் துடைத்துத் துளைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். புது பிஸ்டன் போட்டாலோ, ராடை மாற்றினாலோ, லேத் பட்டறையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவினாலோ அளந்தே தீர வேண்டும். பிளாக்கில் 0.10 மி.மீ. சீவினால் பிஸ்டன் அதே 0.10 மி.மீ. கூடுதலாக வெளியே நிற்கும்; அதாவது கேஸ்கெட் ஒரு படி ஏறிவிடும்.

உயரத்தை அளப்பதற்கு முன் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள பக்க இடைவெளியை முடித்துவிடுவது நல்லது. இந்த என்ஜினின் அடிப்படை அளவில் பிஸ்டன் 79.47 மி.மீ., சிலிண்டர் 79.51 மி.மீ.; இடைவெளி 0.04 மி.மீ. பிஸ்டனை அதன் பாவாடையின் (கீழ்ப்பக்கச் சுவரின்) கீழ்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. மேலே, பிஸ்டனை ராடுடன் கோர்க்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் போர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். போரிங் செய்பவரிடம் புது பிஸ்டன்களைக் கையில் கொடுத்து அதற்கேற்ப ஓட்டையை முடிக்கச் சொல்வதே சரியான வழக்கம்.

இனி உயரம். புது பேரிங்குகளுடன் ராடுகள் முழு டார்க்கில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பிளாக்கின் தளத்திலும் பிஸ்டன் தலையிலும் கரியோ பழைய கேஸ்கெட்டின் துணுக்கோ இருக்கக் கூடாது. இங்கே நாம் தேடும் வித்தியாசமே 0.1 மி.மீ. என்பதால் மெல்லிய கரிப்படலம்கூட ஒரு துளையைக் கூட்டிக் காட்டிவிடும். டயல் கேஜைப் பாலம் போன்ற தாங்கியில் பொருத்தி, அதை பிளாக்கின் மேல் வைத்து, முள்ளை பிளாக் தளத்திலேயே பூச்சியமாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு முனையை பிஸ்டன் தலைக்கு நகர்த்தி, கிராங்கை ஓடும் திசையில் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். முள் ஏறிக்கொண்டே போய் நின்று திரும்பத் தொடங்கும் இடத்தில் காட்டும் உச்ச அளவே அந்த பிஸ்டனின் உயரம்.

முனையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிஸ்டன் தன் பின்னை அச்சாகக் கொண்டு இருபுறமும் லேசாகச் சாயும். அந்தச் சாய்வு அளவில் கலக்காமலிருக்க, பின்னின் நேர்மேலே, அதாவது டைமிங் பெல்ட் பக்க ஓரத்திலும் ஃப்ளைவீல் பக்க ஓரத்திலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களையும் இப்படி அளந்த பின், அவற்றில் மிக உயர்ந்து நிற்பதன் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். நான்கின் சராசரி இங்கே உதவாது.

அந்த உச்ச அளவு 0.91 முதல் 1.00 மி.மீ. வரை இருந்தால் ஒரு துளை, 1.01 முதல் 1.10 வரை இரண்டு, 1.11 முதல் 1.20 வரை மூன்று. தடிமனிலிருந்து உயரத்தைக் கழித்துப் பார்த்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 0.41 முதல் 0.54 மி.மீ. வரை மிஞ்சுவது தெரியும். சூட்டில் அலுமினிய பிஸ்டன் விரிவதும், வேகத்தில் ராடு இழுபடுவதும், பேரிங்கின் எண்ணெய் இடைவெளியும் இந்தச் சிறு இடத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

‘எதற்கும் தடித்ததைப் போடுங்கள்’ என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. 79.5 மி.மீ. சிலிண்டர் விட்டத்தில் 0.08 மி.மீ. தடிமன் கூடினால் எரிப்பு இடம் 0.4 கன செ.மீ. பெருகும், 19.5 ஆக இருக்க வேண்டிய அமுக்க விகிதம் ஏறத்தாழ 19.2 ஆக இறங்கும். டீசல் தானாகவே தீப்பிடிப்பது அமுக்கத்தின் சூட்டில்தான் என்பதால், குளிர்ந்த காலையில் என்ஜினைக் கிளப்பும்போது அந்தக் குறைவு தன்னைக் காட்டும்.

அளவு 1.20 மி.மீ.க்கு மேலே போனால் அதற்குரிய கேஸ்கெட் இல்லை. பிளாக் அளவுக்கு மீறிச் சீவப்பட்டிருக்கிறதா, வேறு என்ஜினின் பிஸ்டன் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்று பிஸ்டன்கள் ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் தெளிவாகத் தாழ்ந்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்து ராடு வளைந்திருக்கும் என்பதே என் முதல் சந்தேகமாக இருக்கும்; அதை ராடு சோதனைக்கு அனுப்பாமல் மேலே செல்லக் கூடாது.

ஹெட்டின் அடித்தளத்தில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜால் பார்க்கும்போது வளைவு 0.1 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. பெட்ரோல் என்ஜினில் செய்வதுபோல ஹெட்டைச் சீவி நேராக்குவதற்கு இந்த டிடிஐயில் அனுமதி இல்லை. வால்வுகள் பிஸ்டனை நோக்கி நேர்க்குத்தாக நிற்பதால், சீவும் ஒவ்வொரு இழையும் வால்வை பிஸ்டனுக்கு அருகே கொண்டுவரும். வளைந்த ஹெட்டை மாற்றுவதே வழி.

கோர்க்கும்போது பிளாக்கின் போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடைபட்ட திரவம் இறுக்கும்போது பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். எந்தப் பிஸ்டனும் மேல் நிலையில் நிற்காதபடி கிராங்கைத் திருப்பி வைத்து, பாக எண் மேலே தெரியும்படி கேஸ்கெட்டை வைத்து, எந்தப் பசையும் தடவாமல் ஹெட்டை இறக்க வேண்டும். பத்து போல்ட்டுகளும் புதியவையாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60, அதன்பின் கால் சுற்று, மீண்டும் ஒரு கால் சுற்று. டைமிங் பெல்ட்டை மாட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டி நின்றால் அங்கேயே நிறுத்தி, முதலில் டைமிங் குறிகளைச் சரிபார்க்க வேண்டும்.